துவாரகனின் கையுறைகள்

வலது கைக்குப் போட்டாயிற்று. இடது கையின் சுண்டுவிரல்தான் விறைத்து நின்று வழிவிடவில்லை. கையுறையில் பந்து வழுக்காதிருக்க வைத்த உள்ளங்கை ரப்பர் சாரங்கியின் விரல்களிலும் ஒட்டி ஒட்டி வந்தது. சவப்பெட்டிக்குள் குனிந்து தம்பியின் விரலை அவள் உள்ளே தள்ளிக்கொண்டிருந்தபோது அப்பா வந்துவிட்டார்.

"உதைக் கழட்டு. சனம் வரப்போகுது."

"ஏழு வருசம் இதோடதானேயப்பா விளையாடினவன்."

"பட்டு வேட்டியோட இதென்ன கோலம்? கழட்டெண்டு சொல்லுறன்."

கோலம் ஒரு சாக்கு. கையுறையைக் கண்டால் எங்கே போகும்போது கார் புரண்டது என்று சனம் கேட்கும். அப்பா ஊருக்குச் சொல்லிவைத்திருப்பது வேறு கதை. சாரங்கி கழற்றித் தன் பைக்குள் வைத்தாள்.

துவாரகன் டென்மார்க்கின் ஓல்போர்க் நகரில் அமெரிக்கன் ஃபுட்போல் விளையாடினான். எறிகிற பந்தை ஓடிப் பிடிப்பது அவன் வேலை. டென்மார்க் தேசிய அணியிலும் எடுத்தார்கள். பாய்ந்து பிடிக்கிற அவன் படத்தை டெனிஷ் பேப்பர்கள் அரைப் பக்கத்துக்குப் போட்டன. தமிழ்ச் சனத்தில் ஒரு குருவிகூட எட்டிப் பார்க்கவில்லை. அப்பாவும்தான்.

வன்னிப் போரில் ஷெல் குண்டுகள் விழ விழ, அதை நிறுத்தக் கேட்டு இங்கே ஊர்வலங்கள். இரண்டுக்குப் போனான். மூன்றாவது ஊர்வலத்தன்று பயிற்சி இருந்தது.

"அங்க சனம் சாகுது, நீ பந்து பிடிக்கப் போறியோ?" அப்பா வாசலில் நின்று கத்தினார்.

"ஓமப்பா, போறன்."

மழை. எதிரே லொறி. அவன் இறந்த மூன்றாம் நாள் வன்னிச் சண்டையும் முடிந்துவிட்டது.

இப்போது மண்டபத்தில் நிற்க இடமில்லை. தமிழ்ச் சங்கத்துச் சிவானந்தன் மைக்கைப் பிடித்தார். "தம்பி துவாரகன் கொப்பன்ஹேகன் ஊர்வலத்துக்கு வாற வழியிலதான் உயிரைக் குடுத்தவர். எங்கட சனத்துக்காக..."

முன்வரிசையில் அம்மா வீறிட்டாள். மறுத்துச் சொல்லச் சாரங்கி எழப்போனாள். அவள் மணிக்கட்டை அப்பா இறுக்கினார்.

"விடு பிள்ளை. இல்லாட்டி ஆர் வந்திருப்பினம்?"

அது உண்மை. அதனாலேயே அவள் அவரை வெறுத்தாள். கையை உதறிக்கொண்டு பின்சுவரோரம் போய் நின்றாள்.

அங்கே அணிக்காரர்கள் நால்வர் கறுப்பு ஜெர்சியோடு நின்றார்கள். அவனுக்குப் பந்து எறிகிற மிக்கெல் டெனிஷில் கேட்டான்: "அவர் என்ன சொல்றார்?"

அன்று மழைக்குள் மைதானத்தில் துவாரகனுக்காக ஒன்றரை மணித்தியாலம் காத்து நின்றவன் இவன்.

"நீ எறிஞ்ச ஒண்டையும் அவன் தவறவிடேல்லை எண்டு சொல்றார்," என்று அவளும் டெனிஷில் சொன்னாள்.

மிக்கெல் தலையாட்டினான். அவன் கண் கலங்கிவிட்டது. பொய் சொல்வது தங்கள் வீட்டுக்கே கைவந்துவிட்டதாக அவளுக்குப் பட்டது.

வாய்க்கரிசிக்கு அழைத்தார்கள். அவள் முறை வந்ததும் பையைத் திறந்தாள். சனம் பார்க்கப் பார்க்க இரண்டு கையுறைகளையும் தம்பியின் நெஞ்சில் உள்ளங்கை மேலாக வைத்தாள். சிவானந்தன் அப்பாவைப் பார்த்தார். அப்பா யாரையும் பார்க்கவில்லை.

கடைசியாக அவர் வந்தார். கையுறைகளைப் பார்த்தபடியே அவர் போட்ட அரிசி வாய்க்குப் போகாமல் அவற்றின் உள்ளங்கை ரப்பரில் சிந்தியது. அதைத் தட்டிவிடப் பார்த்தார்.

ஒரு மணியும் விழவில்லை.