ஹெல்மெட்டில் விட்ட இடம்

புனிதா டீச்சருக்கு வெற்றிடம் என்றாலே ஆகாது. விடைத்தாளில் பிள்ளைகள் ஒரு வரி விட்டிருந்தாலும் கை பரபரக்கும். போட்டி, கண்காட்சி என்று வந்துவிட்டால் கேட்கவே வேண்டாம். பாதி வேலை பிள்ளையுடையது, மீதி ஆசிரியருடையது என்பது கிள்ளான் பள்ளிகளில் ஊரறிந்த இரகசியம்.

இந்த முறை, மனத்துக்கு நெருக்கமான ஒரு பொருளைப் பற்றி அந்தப் பொருளின் வடிவத்திலேயே கவிதை எழுதச் சொல்லியிருந்தார். ஒருவன் வரிகளை அடுக்கி பேட்மின்டன் மட்டையாக்கினான். ஒருத்தி வளைத்துக் கொலுசாக்கினாள். தாமரை எழுதியது அண்ணன் லோகனின் ஹெல்மெட். நல்ல வளைவு. ஆனால் இடப்பக்கம் உள்ளங்கை அகலத்துக்கு ஓர் எழுத்துகூட இல்லை.

“டீச்சர், அந்த எடம் வந்து...” என்று தாமரை ஆரம்பித்தாள். நாளைக்குக் கண்காட்சி, நேரமில்லை, நான் பார்த்துக்கொள்கிறேன் என்று அனுப்பிவிட்டார். பிறகு மார்க்கர் பேனாவை எடுத்து, ‘தலை காக்கும் தோழன், தாய்போல் துணையிருப்பான்’ என்று அந்த இடத்தை அடைத்தார். மோனை கச்சிதமாக விழுந்ததில் பெருமை வேறு.

மறுநாள் ரிப்போர்ட் கார்டு வாங்க வந்த தாமரையின் அம்மா ரமணி, அந்தத் தாளின் முன் அப்படியே நின்றுவிட்டார்.

“லோரி இடிச்சது இந்தப் பக்கம்தானே? ஒடைஞ்சு ஓட்டையாப் போனதைக் கையில வாங்கிட்டு வந்தேன். இதுவா அண்ணன் தலையைக் காத்துச்சு? நீயா எழுதின?”

தாமரை டீச்சரின் பக்கம் திரும்பவே இல்லை. “ஆமாம்மா, நான்தான்.”

இரண்டடி தள்ளி நின்ற புனிதாவுக்கு உடம்பெல்லாம் கூசிப்போயிற்று. இந்த ஆண்டுதான் செமினியிலிருந்து மாற்றலாகி வந்தவர்; போன வருடம் லோகனின் உயிரைக் கொண்டுபோன விபத்து அவருக்குத் தெரியாது. தெரியாதுதான். அந்தப் பிள்ளை வாயைத் திறந்தபோது அரை நிமிடம் காதுகொடுத்திருந்தால் தெரிந்திருக்கும். பன்னிரண்டு வயதுப் பெண் டீச்சரின் பழியைச் சுமந்துகொண்டு நிற்கிறாள். சும்மா இருந்துவிட்டால் இதுவும் இப்படியே போய்விடும் என்று ஒரு கணம் தோன்றியதை நினைத்தபோதுதான் அவருக்குத் தன்மேலேயே அருவருப்பு வந்தது.

“அது நான் எழுதினதும்மா. அவ அந்த எடத்தை விட்டுத்தான் வெச்சிருந்தா.”

ரமணி கோபப்படவில்லை. அந்த வரியின்மேல் விரலை வைத்து மெல்லத் தேய்த்தார்.

“இது அழியுமா டீச்சர்?”

“அழியாதும்மா,” என்றார் புனிதா.