ஐந்தாம் பாகத்தின் முடிவு

டயாலிசிஸ் அறைக்குள் ‘தொலைகலம்’ நாவல் வரிசையைக் கொண்டுவந்தவள் ரயில் நிலைய அறிவிப்பாளர். நாற்பத்தைந்து வயதுக்காரி, கல்யாணம் செய்துகொள்ளாதவள். வாரத்தில் மூன்று நாள், காலை ஷிஃப்ட்டில், ஜன்னலோர நாற்காலி அவளுடையது. இடது கையில் ஊசிகளைக் குத்தி இயந்திரத்தோடு இணைத்துவிட்டால் நான்கு மணி நேரத்துக்கு அந்தக் கை அசையக் கூடாது. செங்கல் கனத்துப் புத்தகத்தை ஒற்றைக் கையில் பிடித்துப் பக்கம் திருப்புவது எப்படி? மோவாயால் அழுத்தியும் முழங்காலைத் தூக்கி முட்டுக்கொடுத்தும் அவள் பட்ட பாட்டைப் பக்கத்து நாற்காலிக்காரர் சில நாள் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் லிஃப்ட் மெக்கானிக். ஒருநாள் தகரப் பட்டைகளை வளைத்துச் செய்த தாங்கி ஒன்றோடு வந்து சேர்ந்தார்.

“இது படிக்கிறதுக்கு வாங்கினதா தங்கச்சி, இல்ல யார் தலையிலயாவது போடறதுக்கா?” என்று கேட்டபடி அதை அவள் நாற்காலியின் கைப்பிடியில் மாட்டிவிட்டார்.

“கதை அண்ணே. மொத்தம் அஞ்சு பாகம், கடைசி பாகம் இன்னும் வரல. ஒரு கப்பல் வானத்துல வேற உலகத்துக்குப் போகுது. போய்ச் சேர முந்நூறு வருஷம் ஆகும்.”

“அப்ப ஏறினவன் எவனும் எறங்க மாட்டான்.”

“அவங்க பேரனுக்குப் பேரன் எறங்குவான்.”

“எங்க, வாசிங்க பார்ப்போம்.”

வாசித்தாள். தண்டவாள இரைச்சலை மீறி ஆயிரம் பேருக்குக் கேட்கப் பழகிய குரல். அறைக்காகத் தணித்துக்கொண்டாலும் சொல் ஒவ்வொன்றும் தெளிவாக விழுந்தது. நர்ஸ் டிவியின் சத்தத்தைக் குறைத்தாள். எதிர் நாற்காலியில் புதிதாகச் சேர்ந்திருந்த கணக்கு டீச்சர் கண்ணை மூடிக்கொண்டிருந்தாள். தூங்கவில்லை என்பது பிறகுதான் தெரிந்தது.

முதல் பாகம் மூவருக்கும் பிடித்தது. சண்டை இரண்டாம் பாகத்தில் தொடங்கியது. கப்பலில் பிறந்தவர்கள் மழையைப் பார்த்ததில்லை, கடலைப் பார்த்ததில்லை. அதனால் அந்தச் சொற்கள் அவர்கள் பேச்சிலிருந்து உதிர்ந்துபோகின்றன. எழுத்தாளரும் அந்தச் சொற்களைத் தொடாமலே பாகம் முழுவதையும் எழுதியிருந்தார். அறிவிப்பாளருக்கு அது அற்புதமாகப் பட்டது. டீச்சருக்கு எரிச்சல்.

“இது வித்தை காட்டறது அக்கா. வாசிக்கிறவங்க மேல கொஞ்சமாவது மரியாதை வேணாமா? பாதி வாக்கியம் என்னன்னே புரியல.”

“புரியாமதான் இருக்கணும் டீச்சர். நமக்கும் அவங்களுக்கும் நடுவுல தூரம் கூடிக்கிட்டே போகுது இல்ல?”

“தூரத்தச் சொல்லணும்னா சொல்லிட்டுப் போகட்டும். என்னை ஏன் நடக்க விடறாரு?”

மெக்கானிக் இரண்டு பக்கமும் சாயவில்லை. “எனக்கும் புரியல. ஆனா விடவும் முடியல” என்பார்.

மூன்றாம் பாகத்தில் மனிதர்களே வரவில்லை. நோய் வந்து பெரும்பாலானோர் இறந்துவிட, கப்பல் தன் காலி அறைகளைத் தானே வர்ணிக்கும் முந்நூறு பக்கங்கள். உலகெங்கும் வாசகர்கள் அந்த இடத்தில்தான் புத்தகத்தை மூடி வைத்தார்களாம். டீச்சரும் மூடச் சொன்னாள். அறிவிப்பாளர் கோபத்தோடு புத்தகத்தைப் பைக்குள் போட்டாள். ஒரு வாரம் டிவி ஓடியது; சமையல் நிகழ்ச்சி. சாப்பிடக் கூடாத பண்டங்களையெல்லாம் யாரோ சிரித்துக்கொண்டே வதக்கிக்கொண்டிருந்தார்கள்.

“இதுக்கு அந்தக் காலி அறையே தேவலாம்” என்றாள் டீச்சர் கடைசியில். வாசிப்பு தொடர்ந்து, நான்காம் பாகமும் முடிந்தது.

ஐந்தாம் பாகம் வெளிவந்தபோது, மூவரும் சேர்ந்து கேட்பது வரை யாரும் திறக்கக் கூடாது என்று பேச்சு. அறிவிப்பாளர்தான் வாங்கி வந்தாள். வாங்கியவளுக்குப் பொறுக்கவில்லை. விடுப்பு நாளில் சும்மா முதல் வரியைப் பார்ப்போம் என்று திறந்து, மறுநாள் மதியத்துக்குள் முடித்துவிட்டாள். கப்பல் அந்த உலகத்தை அடைகிறது. அங்கே காற்று நஞ்சாக இருக்கிறது. இறங்க வழியில்லை. வேகத்தைக் குறைக்காமலே அதைத் தாண்டி அடுத்த இருட்டுக்குள் போகிறது. அவ்வளவுதான். அடுப்பில் வைத்த பால் பொங்கி வழிந்து தீய்ந்த பிறகுதான் அவள் எழுந்தாள்.

எழுத்தாளர் செய்தது சரி என்றுதான் அவளுக்குத் தோன்றியது. ஆனால் அந்த அறையில் இதை எப்படி வாசிப்பது? அங்கே அத்தனை பேரும் மாற்றுச் சிறுநீரகத்துக்குப் பேர் கொடுத்துவிட்டு, எந்த நேரமும் போன் வரலாம் என்று காத்திருப்பவர்கள்.

அவள் யாரிடமும் சொல்லவில்லை. ஒன்றும் தெரியாதவள்போல முதல் பக்கத்திலிருந்து வாசிக்கத் தொடங்கினாள்.

அந்த மாதம் மெக்கானிக்கின் உடம்பு மோசமானது. கை நரம்புகள் ஒவ்வொன்றாக அடைபட்டு, கழுத்தில் குழாய் போட்டார்கள். அதில் சீழ் பிடித்தது. எடுத்து மறுபக்கம் போட்டார்கள், அங்கேயும் சீழ் பிடித்துக் காய்ச்சல் வந்தது. இயந்திரம் ஓடும்போதே ரத்த அழுத்தம் இறங்கி இரண்டு முறை நினைவு தப்பியது. தொடையில் ஒரு குழாய் போட்டுப் பார்க்கலாம், இதயம் தாங்குமா என்று சொல்ல முடியாது என்றார் டாக்டர்.

அடுத்த முறை வந்து உட்கார்ந்ததும் மெக்கானிக் இருவரையும் பார்த்துச் சொன்னார். “இன்னியோட இந்த டயாலிசிஸ நிறுத்திக்கிறேன். வீட்டுல பேசியாச்சு. டாக்டர்கிட்டயும் சொல்லியாச்சு.”

டீச்சர் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அவர் கையைக் காட்டினார்.

“அழறதா இருந்தா நான் போன பிறகு வெச்சுக்குங்க. தங்கச்சி, நீங்க அந்தப் புத்தகத்தைப் படிச்சு முடிச்சிட்டீங்க, இல்ல?”

அறிவிப்பாளர் கையிலிருந்த புத்தகத்தை மூடினாள். “எப்படித் தெரிஞ்சுது?”

“வாசிக்கிறதுலயே தெரிஞ்சுது. முன்னெல்லாம் அடுத்த வரிக்குத் தாவுவீங்க. இப்ப ஒவ்வொரு வரிக்கும் பிரேக் போடறீங்க. சொல்லுங்க, போய்ச் சேர்றாங்களா?”

இயந்திரங்கள் சுழன்றுகொண்டிருந்தன. சேர்கிறார்கள் என்று ஒரு வார்த்தை சொல்லிவிடலாம். அவர் போய்ப் படித்துப் பார்க்கப் போவதில்லை. பொய் நாக்கின் நுனிவரை வந்தது. ஆனால் புரியாத பக்கங்களிலும் மூன்று வருஷம் கூடவே வந்த மனிதரைக் கடைசியில் குழந்தைபோலத் தட்டிக்கொடுத்து அனுப்ப அவளால் முடியவில்லை.

“இல்ல அண்ணே. போறாங்க. ஆனா எறங்க முடியல. தாண்டிப் போயிடறாங்க.”

அவர் கூரையைப் பார்த்தார்.

“எனக்குப் பிடிக்கல” என்றார். “முப்பது வருஷம் லிஃப்ட் பார்த்தவன் நான். ஏத்தினவங்கள எறக்கி விடணும். நடுவுல நிறுத்தினா அதுக்குப் பேரு பழுது.”

“அது அப்படி இல்ல அண்ணே...” என்று அறிவிப்பாளர் தொடங்கினாள்.

பதில் வந்தது டீச்சரிடமிருந்து. “நடுவுல நிக்கலையே அண்ணே. போயிட்டுத்தானே இருக்கு? நிக்கிறது வேற, போறது வேற. ஏறினதுலேருந்து அவங்க வாழ்ந்தாங்க, கல்யாணம் பண்ணாங்க, சண்டை போட்டாங்க. எறங்கலேன்னா அதெல்லாம் இல்லேன்னு ஆயிடுமா?”

“என்ன டீச்சர், கட்சி மாறிட்டீங்க?”

“மாறல. ரெண்டாம் பாகம் இன்னும் எனக்குக் குப்பைதான். ஆனா இந்த முடிவு சரி.”

“சரியில்ல.”

“ஏன் சரியில்ல?”

“அந்த விதைக்காரி இருக்காளே, பசியில சாகக் கிடந்தும் விதையத் திங்காம காப்பாத்தினவ. அவளுக்கு ஒரு பிடி மண்ணாவது குடுத்திருக்கணும். எழுதறவனுக்கு அதுல என்ன கஷ்டம்?”

அன்று நான்கு மணி நேரமும் அந்த வாதத்திலேயே போனது. நர்ஸ்கூட ஒரு பக்கம் சேர்ந்துகொண்டாள். ஒரு கட்டத்தில் மெக்கானிக் சிரித்த சிரிப்பில் இயந்திரம் கூவத் தொடங்கி, நர்ஸ் ஓடிவந்து குழாயைச் சரிசெய்தாள். பிடித்திருக்கிறது என்று கடைசிவரை அவர் ஒப்புக்கொள்ளவேயில்லை. குழாயை மூடிக் கட்டிய பிறகு எழுந்து நின்று சட்டையைச் சரிசெய்துகொண்டார்.

“மீதிய வீட்டுக்கு வந்து வாசிப்பீங்களா? முடிவு தெரிஞ்சாச்சு. இனி நிதானமாக் கேக்கலாம்.”

அறிவிப்பாளர் போனாள். டயாலிசிஸ் இல்லாத நாட்களில், வேலைக்குப் போகும் முன், பஸ் மாறிப் போய் வாசித்தாள். இரண்டாவது மாடியில் சின்ன வீடு. கட்டிலை ஜன்னல் பக்கம் நகர்த்திப் போட்டிருந்தார்கள். காலும் முகமும் வீங்கி, மூச்சு இரைக்க, தலையணைகளில் சாய்ந்தபடி அவர் கேட்டார். அவர் மனைவி வாசலருகே உட்கார்ந்து துணி மடித்துக்கொண்டிருப்பாள். அவள் படிக்கிற வழக்கமுள்ளவள் அல்ல. முந்தின பாகங்களில் ஒரு வரிகூடக் கேட்டதில்லை.

மூன்றாவது முறை போனபோது வாசிப்பை நடுவில் நிறுத்தி மனைவி கேட்டாள். “அந்த விதைக்காரின்னு ஒருத்தி வர்றாளே, அவ எப்பதான் சாப்பிடுவா? இவ்வளவு பெரிய கப்பல்ல அவளச் சாப்பிடச் சொல்ல ஒருத்தர்கூடவா இல்ல?”

கட்டிலில் இருந்தவர் கண்ணைத் திறக்காமலே சிரித்தார். “பாத்தீங்களா? வந்தவுடனே சரியான எடத்தத் தொட்டுட்டா.”

அதன் பிறகு அவர் பெரும்பாலும் உறக்கத்தில்தான் இருந்தார். கேட்கிறாரா என்று தெரியாது. அறிவிப்பாளர் நிறுத்தினால் மட்டும் விரல் அசையும். ஒரு நாள் முற்பகலில், விதைக்காரி மகளுக்குத் தலை வாரிவிடும் பக்கத்தில், விரல் அசையவில்லை. மனைவி எழுந்து வந்து அவர் நெற்றியில் கை வைத்தாள். “போதும்மா” என்றாள், வாசிப்பவளைப் பார்த்து.

காரியங்களெல்லாம் முடிந்து சில வாரங்கள் கழித்து அவள் போன் செய்தாள். “மிச்சம் இருக்கில்ல? நேரம் இருந்தா வாங்க தங்கச்சி.”

இந்த முறை டீச்சரும் கூட வந்தாள். கட்டில் இருந்த இடம் காலியாக இருந்தது. மூவரும் தரையில் பாய் விரித்து உட்கார்ந்தார்கள்.

“முடிவு என்னன்னு சொல்லட்டுமா அண்ணி?” என்று அறிவிப்பாளர் கேட்டாள்.

“வேண்டாம். அவரும் சொல்லல. படிங்க.”

மூன்று ஞாயிற்றுக்கிழமைகளில் முடிந்தது. கப்பல் அந்த உலகத்தைத் தாண்டியது. விதைக்காரியின் மகள் விதைப் பெட்டியைத் தன் தலைமாட்டில் வைத்துக்கொண்டு படுத்தாள். அறிவிப்பாளர் புத்தகத்தை மூடினாள். கீழே தெருவில் யாரோ வண்டியைத் திரும்பத் திரும்ப உதைத்துக் கிளப்பப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

“அவருக்கு இது பிடிச்சிருந்துதா?” என்று மனைவி கேட்டாள்.

“இல்ல அண்ணி. பிடிக்கவே இல்லைன்னுட்டாரு.”

“எனக்கும்தான்” என்று கண்ணைத் துடைத்துக்கொண்டாள். “எறக்கி விட்டிருக்கணும். அந்தப் பொண்ணையாவது.”

டீச்சர் தண்ணீர் சொம்பை அவள் பக்கம் நகர்த்தி வைத்தாள்.

கொஞ்ச நேரம் கழித்து மனைவி கேட்டாள். “இதுக்கு முன்னாடி நாலு இருக்குன்னு சொன்னீங்களே. அவங்க எல்லாரும் எதுக்கு ஏறினாங்கன்னே எனக்குத் தெரியாது. முதல்லேருந்து வாசிப்பீங்களா?”

“ரெண்டாம் பாகம் மட்டும் ரொம்பக் கஷ்டம் அண்ணி. புரியாது” என்றாள் டீச்சர்.

“பரவாயில்ல. அவருக்கு மட்டும் எல்லாம் புரிஞ்சுதா என்ன?”

அடுத்த ஞாயிற்றுக்கிழமை முதல் பாகத்தோடு வருவதாகச் சொல்லி இருவரும் படியிறங்கினார்கள். பஸ் நிறுத்தத்துக்கு நடந்தார்கள். பஸ் வருவது தெரிந்ததும் டீச்சர், “மூணாம் பாகத்த நான் வாசிக்கிறேன் அக்கா” என்றாள்.