வடக்குப் பக்கத்துக் கோல்

செவ்வாய்க்கிழமையைத் தேர்ந்தெடுத்தது ஹியூபேட்தான். வேறு யாரையும் குறை சொல்ல முடியாது. கொச்சிக்கடை அந்தோனியாரின் நாளில் தொடங்கிய காரியம் கெட்டுப்போகாது என்பது அவருடைய நம்பிக்கை. மேபலைப் பெண் பார்க்கப் போனதும் செவ்வாய், வீடு குடிபுகுந்ததும் செவ்வாய். மெல்பேர்னிலிருந்து மகன் றொஹான், "நீங்க விளையாடின ஸ்டேடியத்தை ரொஷேலுக்குக் காட்டுங்க பப்பா, அவளும் இப்ப கோல் கீப்பர்" என்று போனில் சொன்னபோது மனிதர் வேறு நாளை யோசிக்கவே இல்லை.

மனைவி மேபல் கண்மூடிய பிறகு கொட்டாஞ்சேனை வீட்டில் கதைப்பது ரேடியோ மட்டும். அதற்கு இவர் பதில் தேவையில்லை. பேத்தி ரொஷேல் வருகிறாள் என்றதும் தலைகால் புரியவில்லை. மாட்ச் இல்லாத நாளில் சுகததாச ஸ்டேடியத்துக்குள் சும்மா நுழைந்து சுற்றிப் பார்க்க முடியுமா? ஸ்டேடியத்து நிர்வாகக் கந்தோருக்கு நடையாய் நடந்து, செவ்வாய் பகல் பன்னிரண்டு மணிவரைக்கும் அனுமதி வாங்கினார். கேட்டில் நிற்கும் காவல்காரன் நிலாமையும் சிநேகம் பிடித்துக்கொண்டார்.

பிறகு சமையலறையில் ஒத்திகை. அடுப்புப் பக்கம் கோல், மேசைதான் நடு மைதானம். ஒரு மேயரின் பெயர் ஸ்டேடியத்துக்கு வந்ததை முதலில் சொல்வதா, தொண்ணூற்றைந்தில் நம் பொடியன்மார் இந்தியாவை வென்று தெற்காசியக் கிண்ணத்தைத் தூக்கியதைச் சொல்வதா என்று தன்னோடு தானே வாதாடினார். துறைமுக அணிக்காக வடக்குப் பக்கத்துக் கோலில் ஒரு பெனால்டியைப் பாய்ந்து பிடித்த கதை மட்டும் கடைசிக்கு. அதை அந்தக் கம்பத்தைத் தொட்டுக்கொண்டுதான் சொல்ல வேண்டும்.

வந்தவர்கள் ஹோட்டலில் தங்கி, சொந்தக்காரர் வீடுகளுக்கு ஓடியே நாட்களைக் கழித்தார்கள். மிஞ்சியது கடைசி நாளான அந்தச் செவ்வாய். மருமகள் நதீஷாவுக்கு அந்தோனியாரிடம் ஒரு நேர்த்திக்கடன் இருந்தது. முதலில் கோயில், பிறகு ஸ்டேடியம் என்றாள். வேண்டாமென்று ஹியூபேட் எப்படிச் சொல்வார்? செவ்வாயில் அங்கே ஊரே திரளும் என்பது அவருக்குத் தெரியாததல்ல. சந்தோசத்தில் அதை மறந்துவிட்டார், அவ்வளவுதான். வரிசை வீதிவரை நீண்டு கிடந்தது.

ரொஷேல் அவருடைய கையைப் பிடித்துக்கொண்டாள்.

"கிராண்ட்பா, ஸ்டேடியம் கதை சொல்லுங்க. பெனால்டி பிடிச்சீங்களாமே?"

"இங்க சொன்னா ருசி இல்ல மகள். அங்க, அந்த இடத்தில நிண்டு சொல்றன்."

வரிசை நகரவில்லை. கொஞ்ச நேரத்தில் மறுபடியும் கேட்டாள். "பொறு, பொறு" என்றார். அவருடைய கண் மணிக்கூட்டிலேயே இருந்தது. பிள்ளை மெழுகுதிரியை உருட்டிக்கொண்டு நின்றாள்.

அவர்கள் ஸ்டேடியத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது பன்னிரண்டு தாண்டிவிட்டது. நிலாம் சங்கடத்தோடு தலையைச் சொறிந்தான்.

"அங்கிள், உள்ளுக்கு ப்ரக்டிஸ் தொடங்கிட்டாங்க. இப்ப விட ஏலா. நாளைக்குக் காலைல வாங்களே, கேட்டுப் பாத்து விடுறன்."

நாளைக்கு அவர்கள் இருக்க மாட்டார்கள். "பரவால்ல பப்பா, அடுத்த முறை பாப்பம்" என்று றொஹான் கேட்டைப் படம் எடுத்தான். உங்கள் கோல் எந்தப் பக்கம் என்று ரொஷேல் கேட்டாள். கம்பிக்கு இந்தப் பக்கத்திலிருந்து ஹியூபேட்டால் விளக்குக் கோபுரத்தைத்தான் காட்ட முடிந்தது.

மறுநாள் காலை அவர் தனியே போனார். நிலாம் கேட்டைத் திறந்துவிட்டான். ஓட்டப்பாதையைக் கடந்து வடக்குக் கோலடியில் நின்று கம்பத்தைத் தொட்டார். இருக்கைகள் எல்லாம் வெறுமையாகக் கிடந்தன. சமையலறையில் பழகியதெல்லாம் ஒரு சொல் பிசகாமல் வாய்வரைக்கும் வந்தது. அவர்களுடைய பிளேன் அந்நேரம் எந்தக் கடலுக்கு மேலே இருந்ததோ.

அந்தச் சின்னக் கை ஒரு காலைப்பொழுது முழுக்கத் தன் கைக்குள் இருந்தது அப்போதுதான் அவருக்கு உறைத்தது.

திரும்பி வந்தவரிடம் நிலாம், "பேத்திக்குப் பாக்கக் கிடைக்கலியே அங்கிள். கதையாவது சொன்னீங்களா?" என்று கேட்டான்.

"பிள்ளை கேட்டா நிலாம்" என்றார் ஹியூபேட். "ரெண்டு தரம் கேட்டா."