தாய்மாமன் மடி

திருவந்திபுரம் தேவநாதசுவாமி கோயிலில் மூன்று வயது அறிவுமதிக்கு மொட்டை அடித்த அன்றே காதும் குத்துவதாக இருந்தது. பிள்ளை தாய்மாமன் கதிரவனின் மடியில் உட்கார்ந்திருந்தான். கத்தி லேசாகப் பட்டு உச்சந்தலையில் ஒரு கீறல் விழுந்தது. சந்தனம் பூசினார்கள், துண்டை வைத்து அழுத்தினார்கள். மறுநாள் காலை வரை ரத்தம் கசிந்துகொண்டே இருந்தது. காது குத்து நின்றுபோனது.

கடலூரில் பார்த்த டாக்டர் சிதம்பரத்துக்கு அனுப்பினார். அங்கே பரம்பரை ரத்த நோய்களை ஆராய்ச்சி செய்யும் டாக்டர் லோகநாயகி, பிள்ளையின் தாய் தீபிகாவையும் தகப்பன் பூவரசனையும் உட்காரவைத்து முடிவைச் சொன்னார். ஹீமோபிலியா. ரத்தம் உறையத் தேவையான ஒரு சத்து பிள்ளைக்குக் குறைவு. அதற்கு ஊசி இருக்கிறது, பயப்பட வேண்டாம், அடிபட்டால் மட்டும் உடனே வந்துவிட வேண்டும். இது தாய்வழியில் வருவது என்று சொல்லி, தீபிகா வீட்டு ஆண்கள் யாருக்காவது இப்படி உண்டா என்று கேட்டார். அவளுக்கு அண்ணனின் முழங்கால் நினைவுக்கு வந்தது. அப்படியென்றால் அவரையும் அழைத்து வாருங்கள், ஆராய்ச்சிக்கும் உதவும், அவருக்கும் மருந்து கிடைக்கும் என்றார் டாக்டர்.

வீட்டில் மாமியார் விருத்தாம்பாள் ஒரே ஒரு வார்த்தைதான் சொன்னாள்.

"எங்க பக்கத்துல இப்பிடி யாருக்கும் இல்ல."

அன்று அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

கதிரவனுக்குச் சின்ன வயதிலிருந்தே முழங்கால் வீங்கும். அதனால் அவன் கடலுக்குப் போனதில்லை. தேவனாம்பட்டினத்தில் மீன் ஏலம் போடும் இடத்தில் ஐஸ் உடைத்துக் கொடுத்தான். வலி வந்தால் ஒரு கட்டியைத் துண்டில் சுற்றி முழங்காலில் வைத்துக்கொள்வான். கூட்டாளிகள் அவனை ஐஸ் மாப்ள என்று கேலி செய்வார்கள், அவனும் சிரிப்பான். தங்கை வீடு இரண்டு தெரு தள்ளித்தான். தினமும் வந்து மருமகனைத் தோளில் தூக்கிக்கொண்டு போகிறவன், மொட்டைக்குப் பிறகு மூன்று மாதமாக வரவே இல்லை. சிதம்பரத்துக்குக் கூப்பிட்டாலும் வேலை ஜாஸ்தி என்றான். பூவரசன் நேரில் போய், "மச்சான், ஊசின்னா பயமா? எம்புள்ளைய ஒங்க கையப் புடிச்சுக்கச் சொல்றேன்" என்றுகூடச் சொல்லிப் பார்த்தான். கதிரவன் சிரிக்கவில்லை.

கடைசியில் தீபிகாவே பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு ஏலம் போடும் இடத்துக்குப் போனாள். மாமனைக் கண்டதும் பிள்ளை கையை நீட்டினான். கதிரவன் இரண்டடி பின்னால் நகர்ந்துகொண்டான்.

"தூக்கேண்ணே, எவ்ளோ நேரமா கைய நீட்டுறான்."

"வேணாம்மா." அவன் ஐஸ் பெட்டியைப் பார்த்தபடியே பேசினான். "பல்லு புடுங்குனப்ப எனக்கு மூணு நாள் ரத்தம் நிக்கல. அம்மா வெளியில சொல்லாதன்னுச்சு. ஒன்னப் பொண்ணு பாக்க வந்தவுங்க என் கால் என்னான்னு கேட்டாங்க. படகு இடிச்சிட்டுதுன்னு சொன்னேன். கல்யாணம் நின்னுடக் கூடாதுன்னு. அது தெரிஞ்சும் போய் மடியில வச்சேன் பாரு. என்கிட்டேருந்துதான் புள்ளைக்கு வந்துச்சு. இனிமே நான் தொட மாட்டேன்."

தீபிகா பிள்ளையை மறு இடுப்புக்கு மாற்றிக்கொண்டாள்.

"இதையே அந்த டாக்டரம்மாகிட்ட வந்து சொல்லு. அவுங்க ஆமான்னுட்டா, அப்புறம் நான் ஒன்னக் கூப்புடவே மாட்டேன்."

அதற்காகத்தான் அவன் வந்தான். பேரனைப் பார்த்துக்கொள்ள விருத்தாம்பாளும் பஸ் ஏறினாள்.

டாக்டர் அவனிடம் ரத்தம் எடுத்த பிறகு ஒரு தாளில் படம் போட்டார். ஆணுக்குக் கட்டம், பெண்ணுக்கு வட்டம். மேலே, இறந்துபோன அவர்கள் தாய். அவளிடமிருந்து ஒரு கோடு கதிரவனுக்கு, ஒரு கோடு தீபிகாவுக்கு. தீபிகாவிடமிருந்து பிள்ளைக்கு. கதிரவன் தன் கட்டத்தில் விரலை வைத்துப் பிள்ளையின் கட்டத்துக்குப் போக வழி தேடினான். நேராகப் போகக் கோடே இல்லை.

"அப்ப எங்கம்மாவா?" என்று மெதுவாகக் கேட்டான்.

"அவுங்ககிட்ட இருந்தது அவுங்களுக்கே தெரியாது. யாரும் வேணும்னு குடுக்கல" என்றார் டாக்டர். "ரத்தம் நிக்காதுன்னு அன்னிக்கே நீங்க சொல்லியிருந்தா, புள்ளைய ஒரு நாள் முன்னாடி கொண்டாந்திருப்பாங்க. ஒங்க தப்பு அவ்ளோதான்."

கதிரவன் முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டான். சுவரோரம் பேரனோடு நின்ற விருத்தாம்பாள் எல்லாவற்றையும் கேட்டாள். கடலூரில் பஸ்ஸை விட்டு இறங்கும்போது அவனிடம், "தம்பி, வர்ற வெள்ளிக்கிழம கோயிலுக்கு வந்துடு. மாமன் மடி இல்லாம எம்பேரனுக்குக் காதுகுத்தா?" என்றாள்.

தீபிகா பதறிப்போய் அத்தையைப் பார்த்தாள்.

வெள்ளிக்கிழமை கதிரவன் கோயில் மண்டபத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்தான். மடியில் பிள்ளை. காது குத்துகிற ஆசாரி ஊசியை எடுத்தபோது விருத்தாம்பாள் தடுத்தாள். சந்தனத்தைக் குழைத்துப் பேரனின் இரண்டு காதிலும் ஒவ்வொரு பொட்டு வைத்தாள். வாங்கி வைத்திருந்த தங்கத் தோட்டைப் பிள்ளையின் கையில் கொடுத்து உண்டியலில் போடச் சொன்னாள்.

"வேண்டிக்கிட்டவ நான். அவர்கிட்ட நான் சொல்லிக்கிறேன்" என்று சன்னதிப் பக்கம் கும்பிட்டாள். பெருமாள் அதைக் குறையாக எடுத்துக்கொண்டிருக்க மாட்டார்.

"மாமா, வலிக்கவே இல்ல" என்றான் பிள்ளை.

வெகுநேரம் மடக்கி உட்கார்ந்ததில் கதிரவனுக்கு முழங்கால் வீங்கிவிட்டது. யாருக்கும் தெரியாமல் எழப் பார்த்தான், முடியவில்லை. விருத்தாம்பாளை அங்கே காணோம். சற்று நேரத்தில் வாசலில் இருந்த கரும்பு ஜூஸ் கடைப் பக்கமிருந்து வந்தாள். கையில் ஈரம் சொட்டும் துண்டு. அவன் அருகில் உட்கார்ந்து, துண்டில் சுற்றியிருந்த ஐஸ் கட்டியை அவன் முழங்காலில் தானே வைத்துப் பிடித்துக்கொண்டாள்.