நூற்றிருபது மில்லி

மரணத்தின் வாசலில் நின்று ஒரு மனிதன் கேட்கும் முதல் கேள்வியில்தான் அவனுடைய ஆன்மாவின் எடை தெரியும். குடல் புற்றுநோய்க்கு நாலாவது தவணை மருந்து கையில் ஏறிக்கொண்டிருந்தபோது, ஓய்வுபெற்ற எடை அளவு ஆய்வாளர் தன் கேள்வியைக் கேட்டார்.

"டாக்டர், ஒயின் குடிக்கலாமா?"

"ரத்த டெஸ்ட் நல்லா வந்தா, ரெண்டு வாரம் கழிச்சு ஒரு சின்ன கிளாஸ். ஒண்ணே ஒண்ணு."

"சின்னதுன்னா எத்தனை மில்லி?"

டாக்டர் பேனாவை மூடி வைத்தார். "நூத்தியிருபது."

ஒயின் விஷயத்தில் ஆய்வாளர் பெரிய நிபுணர். அப்படி நியமித்தவரும் அவரே. பத்து வருஷத்துக்கு முன் ஒரு விருந்தில், ஃப்ரிட்ஜ் மெக்கானிக்கான மச்சினன் ஒயினில் சர்க்கரை போடுவதைப் பார்த்துவிட்டு, "இனிப்பு வேணும்னா இருமல் மருந்து குடி மாப்ளே" என்றார். அன்று முதல் குடும்பத்தில் மச்சினனுக்குப் பெயரே இருமல் மருந்துதான்.

ரத்த டெஸ்ட் நல்லபடியாக வந்தது. சனிக்கிழமை மத்தியானம் மச்சினனும் வந்து உட்கார்ந்தான். மேஜையில் அளவு ஜாடியை வைத்து, கோட்டுக்கு நேராகக் கண் வரும்படி அவர் மண்டியிட்டார்.

"பாத்து, ஒயினுக்கும் முத்திரை குத்திடாதீங்க" என்றாள் மனைவி.

ஊற்றினார், சுழற்றினார், முகர்ந்தார், கண்ணை மூடி ஒரு வாய் குடித்தார்.

துருப்பிடித்த குழாய்த் தண்ணீர்.

மருந்து ஏறிய நாளிலிருந்து நாக்கில் எல்லாமே இரும்புதான். அதனாலேயே வீட்டில் எவர்சில்வர் ஸ்பூன்கள் பரணுக்குப் போய், பிளாஸ்டிக் ஸ்பூன்கள் வந்திருந்தன. ஆனாலும் ஒயின் தன்னைக் கைவிடாது என்று நாலு மாதமாக நம்பிக்கொண்டிருந்தார். முடி போயிற்று, பதினொரு கிலோ போயிற்று. பழைய ஆள் உள்ளே மிச்சமிருக்கிறானா என்று பார்க்க இந்த ஒரு கிளாஸைத்தான் வைத்திருந்தார்.

"எப்படி இருக்கு அத்தான்?"

"நாவல்பழம்... மழையில நனைஞ்ச கட்டை..." கிளாஸை இன்னொரு தடவை சுழற்றினார். "தூரத்துல ஒரு மலை."

"மலையா?"

"ரொம்பத் தூரத்துல."

"எனக்குப் புளிக்குதுப்பா" என்று மனைவி தன் கிளாஸைத் தள்ளி வைத்தாள்.

"வெளிச்சத்துல நிறம் பாக்கணும்" என்று சொல்லி, அவர் கிளாஸோடு சமையலறைக்குப் போனார். வெளிச்சம் கூடத்தில்தான் இருந்தது. சர்க்கரை டப்பா சமையலறையில் இருந்தது.

ஒரு ஸ்பூன் போட்டுக் கலக்கினார். பிளாஸ்டிக் என்பதால் சத்தமில்லை. வியாதிக்கும் சில சௌகரியங்கள் உண்டு. குடித்துப் பார்த்தார். இரும்பு கொஞ்சம் நகர்ந்தது. இரண்டாவது ஸ்பூனுக்கு, நாலு மாதமாகக் காணாமல் போயிருந்த திராட்சை மெல்லத் தலை காட்டியது. ஃப்ரிட்ஜில் சாய்ந்துகொண்டு, குழந்தை மாதிரிச் சொட்டுச் சொட்டாக உறிஞ்சினார். மலையாவது, கட்டையாவது! முப்பது வருஷமாகக் குடித்ததில் இவ்வளவு ருசித்ததே இல்லை என்று தோன்றியபோது அவருக்கே வெட்கமாக இருந்தது.

நிமிர்ந்தார். வாசற்படியில் மச்சினன் நின்றுகொண்டிருந்தான். கிளாஸைப் பார்த்தான், திறந்து கிடந்த டப்பாவைப் பார்த்தான், அவருடைய மொட்டைத் தலையைப் பார்த்தான்.

"இருமலா அத்தான்?"

அவர் ஒரு தடவை இருமிக் காட்டினார். பிறகு மூன்றாவது ஸ்பூனும் போட்டுக்கொண்டார்.