ஒரே குடும்பத்துக்கு மட்டும்

“இதுல யாரு மூத்தவரு?” என்று ஓனரம்மா கேட்டதும், என் கணவரும் லிஃப்ட்காரரும் ஒரே நேரத்தில் ஒருவரை ஒருவர் கை காட்டினார்கள். எனக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போல இருந்தது. பேருந்தில் வரும்போது அரைமணி நேரம் பாடம் நடத்திக் கூட்டி வந்திருந்தேன். அண்ணன் தம்பி என்று சொல்லுங்கள், ஒரே தட்டில் சாப்பிட்டு வளர்ந்தது மாதிரி நில்லுங்கள், கேட்டதற்கு மட்டும் பதில் சொல்லுங்கள் என்று இருவரிடமும் படித்துப் படித்துச் சொல்லியிருந்தேன். யார் அண்ணன், யார் தம்பி என்று முடிவு செய்ய மட்டும் எங்கள் மூன்று பேருக்கும் தோன்றவில்லை.

ஓனரம்மாவின் புருவம் மேலே போனது. என் கணவர் பொய் சொல்லத் தெரியாதவர். அப்படிப்பட்டவர்கள் சொல்ல ஆரம்பித்தால் சின்னதாகச் சொல்லமாட்டார்கள். “நாங்க ரெட்டைங்கம்மா” என்றார்.

இவர் ஆறடி. லிஃப்ட்காரர் இவர் தோள் வரைக்கும் வருவார். இவருக்கு நெற்றி எது தலை எது என்று தெரியாத அளவுக்கு முடி இறங்கியிருக்கும். அவருக்கு நெற்றி பின்கழுத்தில்தான் முடியும். ஓனரம்மா ஒருமுறை மேலே பார்த்தார், ஒருமுறை கீழே பார்த்தார். “ஒரு சாயலும் இல்லயே” என்றார்.

“எனக்கு அம்மா சாயல்மா, இவனுக்கு அப்பா சாயல்” என்றார் லிஃப்ட்காரர். பழகிப் பதினைந்து நாள்தான் ஆகியிருந்தது, அதற்குள் என் கணவரை ‘இவன்’ என்கிறார்! அன்று மாலை வரைக்கும் இவருக்கு அதுதான் பெரிய வருத்தம். வீடு கிடைத்த சந்தோஷம் எனக்கு மட்டும்தான்.

இவ்வளவு கூத்தும் எதற்கு என்றால், வாடகைக்கு. நான் பல் செய்கிறவள். பொய்ப்பல். மெழுகில் வடித்து, பீங்கானில் சுட்டு, பக்கத்துப் பல்லின் நிறத்துக்குச் சாயம் ஏற்றிக் கொடுப்பது என் வேலை. இங்கே இருக்கும் லேபில் ஊரில் வாங்கியதைப் போல இரண்டு மடங்கு சம்பளம் என்றார்கள். ஆகாயத்தில் பறந்து வந்தேன். வந்து இறங்கிய அன்றே ஒரு கிலோ தக்காளி விலை கேட்டு, பையை மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு திரும்பிவிட்டேன். சம்பளம் இரண்டு மடங்கு, மற்றதெல்லாம் மூன்று மடங்கு. தும்மினால் அதற்கும் ரசீது கொடுப்பார்களோ என்று பயமாக இருந்தது.

ஒன்பது மாதம் பெண்கள் விடுதியில் இருந்தேன். ஒரு அறைக்கு நான்கு கட்டில், ஒரு ஜன்னல். அந்த ஜன்னலுக்குப் பக்கத்துக் கட்டிலுக்குத் தனி வாடகை. இவரும் மகளும் ஊரில் இருந்தார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை போனில் மகள் வாயைத் திறந்து காட்டினாள். முன்பல் விழுந்திருந்தது. ஊர் உலகத்துக்கெல்லாம் பல் கட்டுகிறவள், என் பிள்ளையின் முதல் பல் விழுந்ததைப் போனில் பார்த்தேன். குளியலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். செத்தாலும் சரி, அடுத்த பல் விழும்போது நான் பக்கத்தில் இருக்க வேண்டும் என்று நினைத்தேன்.

எங்கள் லேப் ஐந்தாவது மாடி. லிஃப்ட் வாரம் ஒருமுறை படுத்துவிடும். எழுப்ப வருகிறவர்தான் லிஃப்ட்காரர். அவரும் மனைவியை வேறு ஊரில் விட்டுவிட்டு, எட்டுப் பேரோடு ஒரு அறையில் கிடந்தார். ஒரு நாள் லிஃப்டுக்குள் நானும் அவரும் இருபது நிமிடம் மாட்டிக்கொண்டோம். அந்த இருபது நிமிடத்தில் திட்டம் தயாராகிவிட்டது. வேலைக்கு அருகில் ஒரு வீடு காலியாக இருந்தது. இரண்டு படுக்கையறை. பாதி வாடகை என்றால் இரு குடும்பமும் மூச்சு விடலாம். வாசலில் தொங்கிய பலகைதான் குறுக்கே நின்றது: ‘ஒரே குடும்பத்துக்கு மட்டும்.’ சரி, ஒரே குடும்பமாகிவிடுவோம் என்று சொன்னது நான்தான். பழியை வேறு யார் மேலும் போட முடியாது.

அப்படித்தான் லிஃப்ட்காரரின் மனைவி, முன்பின் தெரியாத ஒருத்தி, எனக்கு ஓரகத்தியானாள். ஆஸ்பத்திரி சலவைப் பிரிவில் அவளுக்கு வேலை கிடைத்தது. என்னைவிட நான்கு வயது சிறியவள் என்பதால் சின்னவள் என்றே கூப்பிட்டேன். மகளுக்கு லிஃப்ட்காரர் சித்தப்பா ஆனார். என் கணவர் கூரியர் வண்டி ஓட்டப் போனார். ஓனரம்மா நேர் மேல்மாடியில் தனியாக இருந்தார். கணவர் இறந்து நெடுநாளாகிவிட்டது. மாடியில் அவர் செருப்பு நகரும் சத்தம் கேட்டாலே நாங்கள் நால்வரும் உறவுக்காரர்களாக மாறிவிடுவோம்.

மூன்று மாதம் நல்லபடியாகப் போனது. எனக்கும் சின்னவளுக்கும் இடையே அப்படி ஒரு மரியாதை. “நீங்க மொதல்ல சமைச்சுக்குங்க அக்கா.” “இல்ல இல்ல, உங்களுக்கு ஷிஃப்ட் இருக்கே.” இந்த மரியாதையைப் போட்டு உடைத்தது என் தொழில்தான். அவசர வேலை ஒன்றை வீட்டுக்கு எடுத்து வந்திருந்தேன். மெழுகுப் பல், வெயிலில் இளகிவிடும். மேல்வரிசை கீழ்வரிசை இரண்டையும் ஒரு கிண்ணத்தில் வைத்து, ஃப்ரிட்ஜில் அவளுடைய தட்டில் இடம் இருந்ததால் அங்கே வைத்தேன். வேலை முடிந்து வந்தவள் தயிர் எடுக்கக் கை விட்டாள். கையில் வந்தது முழு வாய்.

அவள் போட்ட கூச்சலில் மகள் கட்டிலுக்கு அடியில் போய்விட்டாள். அதோடு விட்டாளா? மெழுகைக் கீழே போட்டு, பயத்தில் மிதித்தும் விட்டாள். ஆறு நாள் வேலை! எனக்கும் கோபம் தலைக்கேறியது. நான் தயிரில் ஆரம்பித்தேன். அவள் துணி துவைக்கும் இயந்திரத்துக்குப் போனாள். நான் அவள் அரைமணி நேரம் குளிப்பதைச் சொன்னேன். அவள் என் கணவரின் குறட்டையைச் சொன்னாள். வாங்க போங்க எல்லாம் போய், வா போவும் போய், ஏண்டி என்னடி வந்துவிட்டது. அப்போதுதான் கதவருகில் ஓனரம்மா நிற்பதைப் பார்த்தோம்.

போச்சு, குட்டு உடைந்தது, மறுபடியும் விடுதி, மறுபடியும் போனில் மகள். ஓனரம்மா உள்ளே வந்து நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

“இப்பத்தான் எனக்கு நிம்மதி. மூணு மாசமா சந்தேகமாவே இருந்துச்சு. எந்த வீட்லம்மா ஓரகத்திங்க இவ்வளவு மரியாதையாப் பேசிக்குவாங்க? யாரோ ரெண்டு குடும்பத்தைக் கூட்டி வந்து என்னை ஏமாத்தறாங்களோன்னு நினைச்சேன்.”

நானும் சின்னவளும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். ஓனரம்மா அதோடு நிறுத்தவில்லை. இப்படியே விட்டால் குடும்பம் இரண்டாகிவிடும், பெரியவர்கள் தலையிட வேண்டும் என்று சொல்லி, என் மாமியாருக்கு உடனே போன் போடச் சொன்னார்.

என் மாமியார் பொய் சொல்லாதவர். அது ஊரறிந்த விஷயம். இரண்டு பிள்ளை என்று சொல்லும்படி இவர் ஏற்கெனவே கெஞ்சியிருந்தார். “பெத்தது ஒண்ணு, சொல்றது ரெண்டா? என் வாயால வராது” என்று முடித்துவிட்டார். வேறு வழியில்லாமல் போன் போட்டேன். ஒலிபெருக்கியில் போடச் சொன்னார் ஓனரம்மா. நான் வாயைத் திறப்பதற்குள் சின்னவள் பாய்ந்து, “அத்தே, அக்கா என்னை எப்படியெல்லாம் பேசறாங்க பாருங்க அத்தே” என்று அழுதாள். நிஜ அழுகை.

அந்தப் பக்கத்திலிருந்து மாமியார் குரல், நான் பத்து வருடத்தில் கேட்டிராத குழைவோடு வந்தது. “அழாதடா கண்ணு. பெரியவ குணம் எனக்குத் தெரியாதா? பத்து வருஷமா நானும்தானே பட்டுக்கிட்டிருக்கேன்.”

ஓனரம்மா குனிந்து, ரெட்டைப் பிரசவம் கஷ்டமாக இருந்திருக்குமே என்று விசாரித்தார். மாமியார் பிய்த்து உதறிவிட்டார். ஒருவன் தலை திரும்பாமல் இருந்தது, இன்னொருவன் அழாமல் பிறந்தது, டாக்டர் கையை விரித்தது எல்லாம் வந்தது. பின்னணியில் மாமனாரின் குரல், “எந்த ரெட்டை?” என்று கேட்டது. “நீங்க சும்மா இருங்க, உங்களுக்கு ஒண்ணும் தெரியாது” என்றார் மாமியார். போனை வைக்கும்போது, பெரியவள் சின்னவளை அனுசரித்துப் போக வேண்டும் என்று தீர்ப்பும் சொல்லிவிட்டார்.

அதிலிருந்து மாமியார் தினமும் மாலையில் போன் செய்தார், சின்னவளுக்கு. மூட்டு வலி, பக்கத்து வீட்டுக் கதை எல்லாம் அவளிடம்தான். எனக்குப் பொறாமையாக இருந்தது என்று சொல்ல வெட்கமாக இருக்கிறது. ஆனால் இருந்தது. அதே சமயம் மகளின் இரண்டாவது பல் என் உள்ளங்கையில் விழுந்தது, மூன்றாவதும் விழுந்தது. பள்ளிக்கூடம் நடந்து போகும் தூரம். சண்டை போட்ட பிறகு சின்னவளோடு இருப்பது சுலபமாகிவிட்டது. இதைவிட என்ன வேண்டும் என்று இருந்தேன்.

வருடம் முடிந்தது. ஒப்பந்தத்தைப் புதுப்பிக்க வேண்டும். இந்தமுறை வீட்டு ஆண்கள் இருவருடைய அடையாள அட்டை நகலும் வேண்டும் என்று ஓனரம்மா இவரிடம் சொல்லியிருக்கிறார். என்னிடம் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் ஏதாவது யோசித்திருப்பேன். கேட்கவில்லை. ஒரு பொருளை ஒப்படைக்கச் சொன்னால் தாமதிக்காமல் ஒப்படைத்துவிட்டு மறுவேலை பார்ப்பதுதானே கூரியர்காரர் பிழைப்பு. காலையில் லிஃப்ட்காரரிடம் நகலை வாங்கி, தன்னுடையதையும் சேர்த்து உறையில் போட்டு, மேலே கொடுத்துவிட்டு வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டார். “டெலிவரி பண்ணியாச்சு” என்று எனக்குச் செய்தி வேறு.

அன்று சனிக்கிழமை, லேப் அரைநாள். வந்ததும் வராததுமாக ஓனரம்மா கூப்பிட்டார். மேஜை மேல் இரண்டு நகலும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன. தந்தை பெயர் வேறு வேறு. பிறந்த தேதியில் மூன்று வருட வித்தியாசம். ரெட்டையர்! ஒப்பந்தம் அதன் கீழே, கையெழுத்து இடம் காலியாக. உட்காரச் சொன்னார். உட்கார்ந்தேன்.

“எத்தனை நாளைக்கும்மா மறைக்க முடியும்?” என்று தணிந்த குரலில் கேட்டார்.

“தப்புதாம்மா” என்றேன்.

“தப்பு என்ன இருக்கு இதுல? உங்க மாமியாருக்கு ரெண்டு கல்யாணம். அவ்வளவுதானே? மொத புருஷனுக்குப் பெரியவரு, அப்புறம் சின்னவரு. ஊர் வாய்க்குப் பயந்து ரெட்டைன்னு சொல்லிட்டீங்க. அன்னிக்குப் போன்ல எந்த ரெட்டைன்னு கேட்டாரே, அவரு ரெண்டாவது ஆளு. எனக்கு அப்பவே லேசா உறைச்சுது.”

என் மாமியாருக்கு! கணவர் செருப்பை யாராவது தாண்டினால்கூடச் சண்டைக்குப் போகிறவருக்கு! நான் எழுந்தேவிட்டேன். “ஐயோ, இல்லம்மா! அவங்களுக்கு ஒரே புருஷன், ஒரே புள்ள. அந்த லிஃப்ட்காரர் யாரோம்மா. சொந்தமும் இல்ல, பந்தமும் இல்ல. வாடகை கட்ட முடியாம நாங்கதான் பொய் சொன்னோம். என்னை என்ன வேணா சொல்லுங்க, அவங்களை மட்டும் அப்படி நினைக்காதீங்க.”

சொல்லி முடித்ததும் உடம்பெல்லாம் லேசாகிவிட்டது. வீடு போனால் போகட்டும் என்று நிஜமாகவே நினைத்தேன். ஓனரம்மா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் கண்ணில் தண்ணீர் நின்றது.

“மாமியார் மானத்துக்காக இருக்கற வீட்டையே விடத் துணிஞ்சிட்டியே” என்றார். “இப்படி ஒரு மருமக யாருக்கு வாய்க்கும்? அன்னிக்கு சின்னவளுக்காகப் பேசி உன்னைத் திட்டினாங்க, அப்பகூட விட்டுக்குடுக்கலயே நீ.”

“நிஜமாத்தாம்மா சொல்றேன்!”

“சரி, சரி. எனக்குத் தெரியாதா?” என் கையைத் தட்டிக்கொடுத்தார். பிறகு ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு பேசினார். “அவரு போனப்ப எனக்கு முப்பத்தோரு வயசு. ரெண்டு வருஷம் கழிச்சு ஒருத்தர் வந்து கேட்டாரு. நல்ல மனுஷன். எனக்கும் ஆசைதான். நாலு பேரு என்ன சொல்வாங்கன்னு கதவைச் சாத்திட்டேன். உங்க மாமியாருக்கு இருந்த தைரியம் எனக்கு இல்லாம போச்சு.”

அந்த அம்மாவைக் கட்டிக்கொள்ளலாம் போல இருந்தது. வாயைத் திறந்தால் பொய்யாகவும் வருகிறது, உண்மையாகவும் வருகிறது, இரண்டும் அவருக்கு ஒன்றாகவே கேட்கிறது.

அவர் பேனா மூடியைக் கழற்றினார். ஒப்பந்தத்தை அருகில் இழுத்தார். போடப்போகிறார் என்று மூச்சைப் பிடித்துக்கொண்டேன். பேனாவைக் காகிதத்தின் மேல் வைத்துவிட்டு, தன் போனைக் கையில் எடுத்தார்.

“அவங்ககிட்ட மனசுவிட்டு ரெண்டு வார்த்தை பேசணும். நீங்க செஞ்சது தப்பே இல்லன்னு ஒரு பொம்பளையாவது சொல்லணும்ல? பேசிட்டுக் கையெழுத்துப் போடறேன். நம்பர் சொல்லு.”

மாமியார் வீட்டில் தெரியாத நம்பரிலிருந்து போன் வந்தால் எடுப்பது மாமனார்தான். எடுத்ததும் ஒலிபெருக்கியில் போட்டுவிட்டுத்தான் யார் என்று கேட்பார். ஓனரம்மா கண்ணாடியைச் சரிசெய்துகொண்டார். நான் ஒவ்வொரு எண்ணாகச் சொன்னேன். அவர் ஒவ்வொன்றாக அழுத்தினார். கடைசி எண் மட்டும்தான் பாக்கி. சரியாகச் சொன்னால் எல்லாம் மாமனார் காதில் விழும், மாற்றிச் சொன்னால் கையெழுத்து விழாது. அவருடைய விரல் போனின் மேலே காத்துக்கொண்டிருந்தது. நான் வாயைத் திறந்தபடி நின்றேன்.