சாப்பிட்டுப் போப்பா

உமாதேவிக்கு வாய் சும்மா இருக்காது. மைசூர் ஹெப்பாளில் துணி தைக்கும் ஃபேக்டரியில், மெஷின் சத்தத்துக்கு மேல் கத்தி வேலை வாங்குகிற சூப்பர்வைசர். அந்தத் தொண்டையைக் கழற்றி வைத்துவிட்டு வீட்டுக்கு வர முடியுமா? கிரிக்கெட் பார்க்கப் போனாலும் அது கூடவே போகும்.

போன சீசனில் மைசூர் மைதானத்தில், ஊரே கொண்டாடும் கிரண் வந்த வேகத்தில் அவுட்டாகித் திரும்பினான். அதற்கு முந்தைய ஆட்டங்களிலும் இதே கதை. வெயிலில் காய்ந்து கிடந்த உமாதேவி எழுந்து நின்று கத்தினாள்: "ஏம்ப்பா கிரண், விருந்துக்கு வந்து தலையைக் காட்டிட்டுப் போறியே, உக்காந்து சாப்பிட்டுப் போப்பா!"

சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். அதோடு போயிருக்க வேண்டும். எல்லைக்கோட்டருகே இருந்த கேமரா அந்தக் குரலையும் கிரணின் தொங்கிய முகத்தையும் சேர்த்துப் பிடித்துவிட்டது. ஒரே வாரத்தில் மீம். நிற்காமல் போகிற பஸ்ஸுக்கு அதுதான், வந்தவுடன் போகிற கரண்ட்டுக்கு அதுதான், ஓட்டு வாங்கிக்கொண்டு மறைந்த எம்.எல்.ஏ.வுக்கும் அதேதான். தமிழ் தெரியாதவர்கள்கூடக் கன்னடத்தில் எழுத்துப் போட்டு அனுப்பினார்கள். கிரண் மட்டையோடு இறங்கினாலே கூட்டம் அதைக் கத்தியது. கத்திய பெண் யாரென்று மட்டும் ஊருக்குத் தெரியாது. உமாதேவிக்கு முதலில் பெருமையாக இருந்தது. பிறகு அவன் ஆட்டம் மோசமாகிக்கொண்டே போனதைப் பார்த்து, அந்த மீமை யார் காட்டினாலும் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

இந்த நேரத்தில்தான் மகள் அனுப்ரியா, கூட வேலை பார்க்கும் மஞ்சுநாத்தைக் கட்டிக்கொள்கிறேன் என்றாள். நல்ல பையன். கிரணின் சொந்தத் தம்பி.

பெண் பார்க்க வரும் நாளில் மகள் கண்டிப்பாகச் சொன்னாள்: "அம்மா, நீ வாயே தெறக்காத. தொண்டை கட்டிடுச்சுன்னு நான் சொல்லிக்கறேன். உன் குரலைக் கேட்டாங்கன்னா என் கல்யாணம் அஷ்டே, அவ்வளவுதான்!"

மஞ்சுநாத்தும் கிரணும் அவர்கள் அம்மா சொர்ணலதாவும் வந்தார்கள். உமாதேவி தலையாட்டியே பஜ்ஜி, காபி எல்லாம் கொடுத்து முடித்தாள். ஆனால் தமிழக எல்லையோர ராமாபுரத்துக்காரியான சொர்ணலதாவின் வீட்டில் ஒரு வழக்கம் உண்டு. பெண் வீட்டில் பலகாரம் தின்பது கணக்கில் வராது. இலை போட்டுக் கை நனைத்தால்தான் சம்மதம்.

"சாப்பிட்டுட்டுப் போலாமே" என்றார் உமாதேவியின் கணவர் பழனி.

"சந்தோசமுங்க. ஆனா பொண்ணப் பெத்தவங்க வாயால ஒரு வார்த்த கூப்டோணுமுங்க" என்றாள் சொர்ணலதா. "தொண்டை கட்டுனா மெல்லச் சொல்லட்டும். புடிக்காம இருக்கறாங்களோ என்னமோ." எழுந்தும் விட்டாள்.

அனுப்ரியாவின் முகம் வெளுத்தது. பேசினாலும் சம்பந்தம் போகும், பேசாவிட்டாலும் போகும்.

"உக்காந்து சாப்பிட்டுப் போங்க" என்றாள் உமாதேவி. மெதுவாகத்தான் சொன்னாள். மெதுவாகத் தட்டினாலும் வெண்கலம் வெண்கலம்தானே.

கிரண் நிமிர்ந்தான். "நீங்களா?"

நுணலும் தன் வாயால் கெடும். "நாந்தாம்பா. ஆத்திரத்துல கத்திட்டேன். இப்படி ஊரெல்லாம் போகும்னு நெனைக்கல. மன்னிச்சுக்கப்பா."

சொர்ணலதா கைப்பையை எடுத்தாள். மஞ்சுநாத் அண்ணனைப் பார்த்தான். கிரண் போய், விரித்து வைத்திருந்த இலைக்கு முன்னால் உட்கார்ந்தான்.

"உக்காரும்மா" என்றான்.

சொர்ணலதாவும் உட்கார்ந்தாள். உமாதேவிக்குப் போன உயிர் திரும்பி வந்தது. ஓடி ஓடிப் பரிமாறினாள். சாம்பார் ஊற்றக் குனிந்தபோது கிரண் தாழ்ந்த குரலில் சொன்னான்: "தம்பிக்காகத்தான் உக்காந்தேன் ஆன்ட்டி."

"தெரியும்பா."

"ஞாயித்துக்கெழம மேட்ச். எறங்கினா மறுபடி அதையேதான் கத்துவாங்க."

"நானும் வர்றேன்பா. உங்கம்மா பக்கத்துல உக்காந்துக்கறேன். எவன் கத்தறான்னு பாத்துடலாம்."

"அம்மா இப்ப வர்றதில்ல ஆன்ட்டி. ஸ்கூல்ல ஆடின காலத்துலேருந்து உள்ளூர்ல என் மேட்ச் ஒண்ணுகூட விட்டதில்ல. நீங்க கத்தின அன்னிக்கும் ஸ்டாண்டுலதான் இருந்தாங்க. அதோட நிறுத்திட்டாங்க."

உமாதேவி சொர்ணலதாவைப் பார்த்தாள். அவள் குனிந்த தலை நிமிராமல் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள்.

"ரசம் இருக்குதுங்களா?" என்று மட்டும் கேட்டாள்.

உமாதேவி கொண்டுவந்து ஊற்றினாள். கண்ணிலிருந்து வழிந்ததைத் துடைக்க அவளுக்குக் கை ஒழியவில்லை.